எட்டாவது குழி

எதுருக்க வந்து உக்காருங்க எஸ்.ஐ. மேடம். பக்கத்துல உக்காந்தா எனக்குப் பேச்சு ஓடாது, ஆளு மொகத்தப் பாத்தாத்தான் வரும். அந்தப் பைய கீழ வச்சிடுங்க, எந் தங்கச்சி சவுரியம்மாது, ஒண்ணும் சொல்லாது. மாஸ்க்கையும் கழட்டிடுங்க, இங்க யாரு போடறாங்க. ஆங். இப்பக் கேளுங்க.

வெரலா? ஆமா, இனியவன் காட்டுறான். எங்கிட்டயும் காட்டுனான். வலது கையில மாவுக்கட்டு, அதனால எடது கையாலதான். அஞ்சையும் விரிப்பான், மூடுவான், அப்பால ரெண்டு. ஏழு. தாடைய கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்க, வாயத் தொறக்க முடியாது, வேற இன்னா பண்ணுவான். அவங்கம்மா பாவம், மூணு நாளா நர்ஸம்மாவ போட்டு பேஜாரு பண்ணிக்கினு இருக்குது, எம் புள்ள இன்னாவோ கேக்குறான் இன்னாவோ கேக்குறான்னு.

நான் அதுகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன். ஏழுன்னா வெடி.

கெணத்துல எட்டு குழி போட்டோம் மேடம். கம்ப்ரெசர் வச்சி பாறையில எறக்குற குழி. எட்டுலயும் மருந்து, எட்டுக்கும் திரி. பத்த வச்சிட்டு மேல ஏறியாந்து, தூரமாப் போயி படுத்துக்கினு எண்ணணும். எட்டு குழின்னா எட்டு சத்தம். எட்டும் வந்திச்சின்னா எறங்கலாம். ஏழுதான் வந்திச்சின்னா ஒரு ஈ காக்கா எறங்கக் கூடாது, மறுநா பொழுது விடிஞ்சித்தான். ஏன்னா அந்த ஒண்ணு செத்துடல, உள்ள தூங்கிக்கினு இருக்குது. அவ்ளோதான் எங்க தொழிலு. மண்ணு அள்றது, கல்லு தூக்கறதெல்லாம் எவன் வேணா செய்வான். எண்றவன்தான் வெடிக்காரன்.

அன்னிக்கு இனியவன் எட்டுன்னான். இப்ப படுத்துக்கினு ஏழுன்றான். கேஸே அவ்ளோதான். எழுதிக்கோங்க.

எம் பேரு துரைக்கண்ணு. வயசு அறுவத்திமூணு. முகையூர் பக்கம் காலனி. அவனுக்கு நான் மாமா. அவங்கம்மா சவுரியம்மா எனக்கு தங்கச்சி மொறை. கூடப் பொறந்தது இல்ல, ஒரே தெரு. அவங்கப்பன் அந்தோணிசாமி போய்ச் சேந்து ஒம்போது வருஷம். அது ஒத்த ஆளா இருக்குதுன்னுதான் நான் வந்து தொணைக்கி இருக்கேன். மூணு நாளா இந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலதான் படுக்கறது. கொசு புடுங்குது.

இல்ல மேடம், தலைய குனிஞ்சிக்கினு கேக்காதீங்க. எழுதி முடிச்சிட்டு நிமுந்து கேளுங்க. பெரிய ஆளுங்க கிட்ட பதில் சொல்லும்போது கண்ணப் பாத்து சொல்லணும்னு எனக்கு ஒரு இது.

பையன் எப்பிடின்னா... தங்கமான பையன்தான். ஆனா வேகம். திண்டிவனத்தாண்ட கல் குவாரியில அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்தான். வரும்போதே கம்ப்ரெசர் வண்டியோட வந்தான். இருபத்தஞ்சி வயசு. கெணத்துல எறங்கும்போது ஏணிப் படியில காலே வைக்க மாட்டான் மேடம், ரெண்டு பக்கக் கம்பியயும் புடிச்சிக்கினு சர்ருன்னு வழுக்கிக்கினு போவான். அறுவது அடி. உள்ளங்கைத் தோலு காஞ்ச எருமத்தோலு மாதிரி இருக்கும். எட்டு திரியும் பத்த வச்சிட்டு மேல வந்து, எங்களத் தாண்டி ஓடிப் போயி படுத்துக்கினு, மாமா பீடி குடுன்னு கேப்பான். மொத சத்தம் அதுக்கப்பறந்தான் வரும்.

நான் பத்த வச்ச காலத்துல பாதி வாட்டி கெணத்து மேட்டுலயே மாட்டிக்குவேன். தலைக்கு மேல கல்லு போவும். இங்க பாருங்க, காதுக்குப் பின்னால. பதினாலு தையல். இங்க, தோள்ல. இதுல ஒரு துண்டு இன்னும் உள்ளயே இருக்குது, மழை வந்தா சொல்லும். கல்லு கண்ணுக்குத் தெரியாது மேடம், அதான் விசேஷம். சத்தம் கேட்டு நிமுர்றதுக்குள்ள கல்லு உங்களத் தாண்டிப் போயிருக்கும், இல்ல உங்களுக்குள்ள இருக்கும்.

போன தையிலேர்ந்து முட்டி போச்சி. ஏணி ஏற முடியல. அதுலேர்ந்து பத்த வைக்கிறது அவன், எண்றது நானு...

இல்ல. அன்னிக்கு இல்ல. பொதுவா சொன்னேன். அன்னிக்கு அவன்தான் எண்ணுனான். நான் எண்ணல.

நான் எண்ணுனேன்னு யாரு சொன்னா? ஊர்ல ஆயிரம் சொல்வாங்க மேடம். அவங்க எல்லாம் ரோட்டு மேல நின்னுக்கினு இருந்தாங்க, அவங்களுக்கு இன்னா தெரியும். நான் சொல்றத எழுதுங்க.

எண்றது இன்னா பெரிய வேலைன்னு நெனைக்கிறீங்க இல்ல? ஒண்ணு ரெண்டு சொல்லத் தெரிஞ்சா போதும்னு. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. ரெண்டு திரி ஒரே நேரத்துல போய்ச் சேந்திச்சின்னா ரெண்டு வெடியும் ஒண்ணா வரும். கேக்கறவனுக்கு ஒரு சத்தந்தான். வெடிக்காரனுக்கு ரெண்டு. அந்த ஒரு சத்தத்தோட தடிமன வச்சி சொல்லணும், இது ஒண்ணு இல்ல ரெண்டுன்னு. எந்தக் குவாரியிலயும் அத சொல்லித் தர மாட்டாங்க. வயசாவணும். நாலு சாவு பாக்கணும்.

நான் பாத்த மொத சாவு விருத்தாசலம். எங்கூட்டாளி. அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு, இருபத்தேழு. திண்டிவனத்துக்கு அந்தாண்ட ஒரு கெணறு. எண்பத்தொம்போது, இல்லன்னா தொண்ணூறு. வளவனூர்ப் பக்கமெல்லாம் நாங்க போவ மாட்டோம், அங்க பாறையே கெடையாது, மம்முட்டி போதும். திண்டிவனம்னா பாறை. எரும்பு கூட பல்லு ஒடிஞ்சி திரும்பிடும்.

அன்னிக்கு எண்ணுனது மண்ணாங்கட்டின்னு ஒரு கெழவன். சிரிக்காதீங்க, பேரே அதான். அறுவது வயசு இருக்கும். இப்ப என் வயசு. அவந்தான் அந்தப் பக்கத்துக்கே பெரிய வெடிக்காரன், அவன் வார்த்தைக்கு மறுவார்த்தை கெடையாது. ஆறு குழி. ஆறும் ஆச்சி எறங்குங்கடான்னான். விருத்தாசலம் எறங்கி கல்லு நெம்பறதுக்கு கடப்பாரைய ஊனுனான்.

மூணு கூடையில வந்தான் மேடம். நான்தான் கீழ எறங்கி அள்ளுனேன். மொத கூடையில ஒரு காலு மட்டும். டயர் செருப்பு போட்டிருந்தான், செருப்போட. வார் கூட அறுவல. பாறை மேல அங்கங்க ஒட்டிக்கினு இருந்தத தகர டப்பாவால சொரண்டி எடுத்தேன். அவன் காலையில தின்ன மல்லாட்டை, வேர்க்கடலை, அது கூட... வுடுங்க. நீங்க டீ குடிச்சிக்கினு இருக்கீங்க.

மேல வந்து கெழவனப் புடிச்சோம். நாங்க ஆறு பேரு, அத்தினி பேரும் சின்னப் பசங்க. கூடைக் கவுத்தால பனைமரத்துல கட்டுனோம். எத்தினி எண்ணுன சொல்றா, எத்தினி எண்ணுன சொல்றான்னு கேக்குறோம். எங்க வாயையே பாத்துக்கினு நிக்கிறான். ஒருத்தன் கேட்டா அவன் வாய, இன்னொருத்தன் கேட்டா இவன் வாய. அந்தத் திமிருலதான் எனக்கு சர்ருன்னு ஏறிச்சி. மம்முட்டிக் காம்பால வாயிலயே போட்டேன். பல்லு ரெண்டு தெறிச்சி வந்து எங் கை மேல வுழுந்திச்சி, சூடா இருந்திச்சி. அப்பவும் வாயையே பாக்குறான். இன்னொண்ணு போட்டேன். அப்பறம் எண்ணல. அந்த வயசுல கை ஓயாது மேடம். அடிக்க அடிக்க இன்னும் வரும், ஊத்து மாதிரி. வெலா எலும்பு ஒடியும்போது காஞ்ச வெறகு ஒடியிற மாதிரி ஒரு சத்தம். அது கூட நல்லாத்தான் இருந்திச்சி, பொய் சொல்லக் கூடாது.

ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தான், செத்தான். கேஸா? அப்ப ஏது கேஸு. ஏணியிலேர்ந்து வுழுந்துட்டாருன்னு சொன்னோம். அவன் வூட்டுக்காரங்களும் வெளிய சொல்லல. தப்பா எண்ணுனவன் வூடுன்னு அவங்களுக்கே வெக்கம்.

இத எழுதாதீங்க.

எழுதிட்டீங்களா? சரி வுடுங்க. முப்பத்தஞ்சி வருஷம் ஆச்சி.

இருங்க, செல்லு அடிக்குது. இந்த சட்டப் பையில. நான் சத்தம் வைக்கறதில்ல, அதுர்ற மாதிரி வச்சிருக்கேன், நெஞ்சில படற மாதிரி. என் பொண்ணு அமலா. அப்பறமா பேசிக்கிறேன்.

இப்ப நடந்தது ஞாயித்துக்கெழம. தேவநாதன் நெலத்துல. பெரிய விவசாயி, கரும்பு, நெல்லு எல்லாம் இருக்குது, ரெண்டு வருஷமா தண்ணிதான் இல்ல. முந்தின நாளே பாறை இடுக்குல கசிய ஆரம்பிச்சிட்டுது. இன்னிக்கி ஒரு வெடி போட்டா ஊத்து தொறந்துடும்னு ஊருக்கே தெரியும். அவுரு ரெண்டாவது மவன் கோகுலகிருஷ்ணன் லீவு போட்டுட்டு வந்திருந்தான். ஒரகடத்துல கம்பெனி வேலை. அவனுக்கும் இனியவன் வயசுதான். ரெண்டு பேரும் ஒண்ணா பத்தாவது படிச்சவங்க, வாடா போடான்னு பேசிக்குவாங்க. வெளிய தெருவுல பேசிக்க மாட்டாங்க, கெணத்தாண்ட பேசிக்குவாங்க. புரியுதா உங்களுக்கு? புரிஞ்சா சரி.

வெடி வைக்க லைசென்ஸ் வச்சிருக்கறவரு வந்தாரு, மருந்த எறக்குனாரு, டீ குடிச்சிட்டு வரேன்னு போனவரு அப்பிடியே போயிட்டாரு. அவுர எங்க தேடறது. எப்பவும் அப்பிடித்தான்.

சாயங்காலம் நாலு மணி. தேவநாதன் பங்காளிங்க பத்து பதினஞ்சி பேரு வந்து நிக்கிறாங்க. பொம்பளைங்க தேங்கா, சூடம் எல்லாம் எடுத்தாந்துட்டாங்க, தண்ணி வந்ததும் கும்பிடறதுக்கு. இனியவன் பத்த வச்சிட்டு மேல வந்தான். எல்லாரும் வரப்புக்கு அந்தாண்ட படுத்தோம். வெடிச்சிது. புகை அடங்கிச்சி. ஒரு சத்தம் கொறையிற மாதிரி இருக்குதேன்னு ஒரு பேச்சு வந்திச்சி. அதுக்கு, ரெண்டு ஒண்ணா வெடிச்சிது, எட்டும் ஆயிட்டுதுன்னு சொன்னது.

சொன்னது யாருன்னா இனியவன். அதான் சொன்னேனே.

உடனே கோகுல் எழுந்து ஓடுனான். தண்ணிய மொதல்ல தொடறது நாந்தான்னு. கையில செல்லு, வீடியோ எடுத்துக்கினே. எங்க வழக்கம் இன்னான்னா வெடிக்காரன் எறங்கித் தொட்ட பின்னாலதான் அடுத்த ஆளு எறங்கணும். நாப்பது வருஷமா நான் எறங்கிருக்கேன். அன்னிக்கு முட்டி. சரி தம்பி பாத்து எறங்குப்பான்னேன். அவனும் இவன மாதிரியே, ஏணியில காலு வைக்காம வழுக்கிக்கினு போனான். இவங்கிட்ட கத்துக்கினு இருப்பான். இனியவன் எழுந்து, டேய் வேணாம்டா, ஏறுடா மேலன்னு கத்திக்கினே பின்னால எறங்குனான். பாதி ஏணியில இருந்தான்.

எட்டாவது வெடிச்சிது.

கெணத்துக்குள்ள வெடிச்சா வெளிய கேக்கறது வேற மாதிரி மேடம். வயித்துல உதைக்கும். புகை ஒரு ஆளு ஒசரத்துக்கு எழுந்து நின்னுது. அதுக்குள்ளேர்ந்து தேங்கா மாதிரி கல்லு. ஒரு பொம்பள கையில இருந்த சூடத் தட்டு மேல ஒண்ணு வந்து வுழுந்திச்சி. இனியவன் மேல ஏறி வரல, இன்னும் கீழ எறங்கிருக்கான். அப்பறம் ஏணி ஆடிச்சி.

இனியவன் மேல வரான். முதுவுல சட்டை இல்ல, தோலும் இல்ல. தோள்ல கோகுல். கோகுலுக்கு மூஞ்சி இல்ல மேடம். தாடைக்கு மேல ஒண்ணும் இல்ல, ஆனா செல்லு புடிச்சிருந்த கை அப்பிடியே கெட்டியா புடிச்சிக்கினு இருந்திச்சி. அறுவது அடி அந்த ஏணியில தூக்கிக்கினு வந்தான். நான் இருவத்தஞ்சி வயசுல செஞ்சிருப்பனான்னு கேட்டா, மாட்டேன். விருத்தாசலத்த நான் கூடையிலதான் அனுப்புனேன்.

கரையில கொண்டாந்து படுக்க வச்சான். படுக்க வச்சி நிமுந்தான். அவ்ளோதான்.

எத்தினி பேருன்னு தெரியல. அண்ணந்தம்பி புள்ளைங்க எல்லாரும். எல்லாரும் அவன் வயசு. மொதல்ல கம்ப்ரெசர் ஓஸால அடிச்சாங்க, கையி மாதிரி தடிமன் ரப்பரு, அது அறுந்த முதுவுல படுது. வுழுந்தான். காலு ரெண்டையும் ரெண்டு பேரு இழுத்துப் புடிக்க, ஒருத்தன் ஜாக்கி ராடால முட்டியில போட்டான். வலது கைய கல்லு மேல வச்சி கடப்பாரை. அப்பிடியும் அவன் பேசிக்கினே இருந்தான். என்னப் பாத்து இன்னாவோ சொல்லிக்கினே இருந்தான். அதுக்குத்தான் தாடையில போட்டாங்க. அதுக்கு மேல பேசல.

தேவநாதன் ஒரு அடி கூட அடிக்கல. அதையும் எழுதுங்க. அவுரு மவன் தல இருந்த எடத்துல துண்ட மடிச்சி வச்சிக்கினு உக்காந்திருந்தாரு. இவனுங்க அடிக்கறத திரும்பிக் கூட பாக்கல.

இன்னா?

வேணாம்னு எதுக்குக் கத்துனானா?

ம்.

எட்டும் ஆயிட்டுதுன்னு அவனே சொல்லிட்டு, அவனே எதுக்கு வேணாம்னு கத்திக்கினு ஓடணும். நீங்க கேக்கறது சரிதான். எனக்கும் அதான் புரியல மேடம். ரெண்டாம் யோசனை வந்திருக்கும். சின்னப் பசங்க இல்ல, ஒண்ணு சொல்வாங்க, அடுத்த நிமிஷம் மாத்திப்பாங்க.

அவங்களுக்கு அவன எப்பிடித் தெரிஞ்சிதுன்னா, எவன்டா எண்ணுனதுன்னு கேட்டாங்க. யாரோ கைய காட்டுனாங்க. அந்தக் கும்பல்ல யாரு எவருன்னு எப்பிடி சொல்றது.

சவுரியம்மா ஒண்ணும் கேக்கல. மூணு நாளா காலையில கேட்டுக்கு வெளிய போயி இட்லி வாங்கியாந்து மொதல்ல எனக்குத்தான் குடுக்குது. அண்ணே நீ இருக்கறதாலதான் நான் நிமுந்து நிக்கிறேன், உன்ன வுட்டா உண்மைய சொல்றதுக்கு யாரு இருக்காங்கன்னு சொல்லுது. நேத்து கெழங்கு மசாலா இருந்திச்சி, அத தனியா எடுத்து வச்சி எனக்குப் போட்டிச்சி. நான் தின்னேன். பசிக்கிது இல்ல. அவன் படுத்துக்கினு ஏழு ஏழுன்னு காட்டும்போது நான் ஜன்னல பாத்துக்குவேன். ஜன்னல்ல ஒண்ணும் இல்ல. தண்ணி டேங்கு.

நீங்க அவனத்தான் எழுதப் போறீங்கன்னு தெரியும். அஜாக்கிரதையா ஒருத்தன் சாவுக்குக் காரணம். அவன் எழுந்து நடந்தா நேரா ஜெயிலு. நடக்கலன்னா...

இன்னா? இன்னா கைய காட்டுறீங்க? பின்னாலயா?

நர்ஸம்மா. வணக்கம்மா. இன்னாம்மா... ஆ, துரைக்கண்ணு நாந்தான். கையெழுத்தா? ஆபரேசனுக்கா. காலா? எடுக்கறாங்களா, வைக்கிறாங்களா? டாக்டர் பாக்கணும்னு சொன்னாரா. சரிம்மா. வரேம்மா, ஒரு நிமிசம். இந்த மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.

எப்பலேர்ந்து கூப்புடறாங்க மேடம்?

நாலு வாட்டியா.

கதவாண்டயேவா நின்னு கூப்புட்டாங்க? அது பத்தடி கூட இருக்காதே.

எழுதறத நிறுத்திட்டு என்னப் பாக்குறீங்க. பாருங்க. நீங்க கெட்டிக்காரங்க, மாஸ்க்க கழட்டச் சொன்னப்பவே உங்களுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். ரெண்டு வருஷமா கேக்கல மேடம். எடது சுத்தமா இல்ல. வலதுல ஒரு இரைச்சல், எப்பவும் கம்ப்ரெசர் ஓடற மாதிரி. என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது, அவ கத்திப் பேசற ஆளு. ஏன் சொல்லல? சொன்னா அப்பறம் நான் யாரு. மண்ணு அள்ள முட்டி இல்ல. ஏணி ஏற முடியாது. எண்றது ஒண்ணுதான் இருந்திச்சி.

செருப்ப கழட்டிட்டு உள்ளங்கால தரையில வச்சிக்குவேன். பாறையில வெடிச்சா மண்ணு சொல்லும். அப்பிடித்தான் ரெண்டு வருஷமா எண்ணிக்கினு இருக்கேன், ஒரு தப்பு வந்ததில்ல. அன்னிக்கும் காலால எட்டு எண்ணுனேன். கரும்பு லோடு டிராக்டர் ஒண்ணு அந்த நேரத்துல ரோட்டுப் பள்ளத்துல எறங்கி ஏறிச்சாம். அப்பறமா சொன்னாங்க.

இனியவன் எங்கிட்ட வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னான், மாமா ஏழுதான், நாளைக்கி எறங்கலாம்னு. அத்தினி பேரு எதுருக்க. நான் அவனப் பாத்து சிரிச்சேன். நாப்பது வருஷமா எண்றேன், நேத்து மீசை மொளச்சவன் எனக்கு சொல்லித் தரியா, ரெண்டு ஒண்ணா வெடிச்சிதுடா, அதெல்லாம் உங் காதுக்கு எட்டாதுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கோகுல்தான் ரொம்பச் சிரிச்சான். சிரிச்சிக்கினே எழுந்து ஓடுனான்.

கைய காட்டுனதும் நாந்தான்.

அவனுங்க கேட்டது எனக்குக் கேக்கல மேடம். அத்தினி பேரு கத்துறானுங்க, ஒண்ணுமே கேக்கல. வாயத்தான் பாத்தேன். எவன்டா எண்ணுனது. வாயப் பாத்ததுமே தெரிஞ்சிடிச்சி. பனைமரத்தாண்ட நான் கேட்டதுதானே அது. அந்தக் கேள்விக்கு அப்பறம் இன்னா வரும்னு அந்தக் கும்பல்ல என்னத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது. அவனுங்க சின்னப் பசங்க, அவனுங்களுக்கே தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். எங் கை தானா எழுந்திடிச்சி. நேரா அவன் மேல போய் நின்னுது.

மண்ணாங்கட்டியும் எங்க வாயத்தான் பாத்துக்கினு இருந்தான். திமிருன்னு நெனச்சேன். அவனுக்கும் கேக்கல மேடம்.

வரேம்மா, வரேன்.

அந்தப் பக்கத்த கிழிச்சிடுங்க. புதுசா எழுதுங்க. எட்டுன்னது துரைக்கண்ணு, ஏழுன்னது இனியவன். நான் வந்து ரேகை வைக்கிறேன், கையெழுத்தும் போடுவேன், ரெண்டும் போடறேன். ஓட மாட்டேன், முட்டி இல்ல.

அவன உள்ள தள்ளிக்கினு போறதுக்கு முன்னால நான் போவணும். அவங் கண்ணுல படற மாதிரி நின்னு, இந்தக் கையால அஞ்சு, இந்தக் கையால ரெண்டு காட்டணும். சவுரியம்மா அங்கதான் அவன் தலமாட்டுல நிக்குது. நிக்கட்டும்.